எடையில்லாத பேட்டரியும் என் சிவப்புப் பெட்டியும்

மலையடிவாரத்துக் காரவள்ளியில இருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி அந்த லாரி எங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்சு வாசல்ல வந்து நின்ன அன்னிக்கு, எனக்கு இருப்புக் கொள்ளலைங்க. ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. வேலையில இருந்த காலத்துலகூட அத்தனை வேகமா ஓடியிருக்க மாட்டேன். அடுப்புல வெச்ச பாலை இறக்கி வெச்சுட்டு, ஒரு காலுக்கு ஒரு ஜோடி, மறு காலுக்கு வேற ஜோடின்னு செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டுப் போய் நின்னேன். லாரியில வந்தது லித்தியம் பேட்டரி. முப்பது வருஷம் நான் தண்ணி ஊத்தி, துடைச்சு, சூடு பார்த்து வெச்சிருந்த ஆசிட் பேட்டரிங்க இருந்த அதே ரூமுக்குப் புதுசாக் குடி வருது.

இப்ப அங்க பொறுப்பு அதிகாரி நிவேதா. என் கடைசிப் பொண்ணைவிட ரெண்டு வயசு சின்னது. என் காலைப் பார்த்துச் சிரிச்சுட்டு, "ராஜாமணிம்மா, நீங்க வருவீங்கன்னு தெரியும். ஆளுங்க பெட்டியை இறக்கி முடிக்கறதுக்குள்ள எங்களுக்கு ஒரு கதை சொல்லணும். பெரியசாமி அண்ணனைக் காப்பாத்துனீங்களே, அதைச் சொல்லுங்க"ன்னுச்சு. புதுசா வேலைக்குச் சேர்ந்த மூணு பேரு பக்கத்துல நோட்டும் பேனாவுமா நின்னாங்க. பெட்டி இறக்க வந்தவங்கள்ல பெரியசாமியும் ஒருத்தன். தோள் துண்டைச் சரி பண்ணிக்கிட்டே, "சொல்லுங்கக்கா, நானும் கேக்கறேன்"னான்.

அந்தக் கதை இந்த மலை பூரா தெரியும். பஸ்ல பேசிக்குவாங்க, சோளக்காட்டுச் சந்தையில வாழைத்தார்க் கடையில பேசிக்குவாங்க. ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச கதையில ஒரு விஷயம் மட்டும் இல்லை. அது எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்கு அதையும் சேர்த்துச் சொல்லிடறதுன்னு முடிவு பண்ணிக்கிட்டுத்தான் வாயைத் திறந்தேன். அவங்களுக்குச் சொன்னதையே இங்கயும் எழுதறேன்.

எங்கப்பா டெலிபோன் லைன்மேன். வேலையில இருக்கறப்பவே போய்ச் சேர்ந்துட்டார். அந்த வேலை எனக்கு வந்துச்சு. கீழே ஆறு மாசம் பயிற்சி. அந்த ஆறு மாசமும் கறுப்புப் பலகையில பேட்டரிப் படம் வரைஞ்சு காட்டினாங்களே ஒழிய, ஒரு பேட்டரியைக்கூட நான் தொடலை. மலைக்கு வந்து அந்த ரூம் கதவைத் திறந்த முதல் நாள்தான் நிஜத்தைப் பார்த்தேன். மரச் சட்டத்து மேல வரிசையா இருபத்தி நாலு கண்ணாடி ஜாடி. ஒவ்வொண்ணும் என் இடுப்பு உசரம். உள்ளே ஈயத் தகடு, ஆசிட். ஒரு ஜாடிக்கு ரெண்டு வோல்ட். எல்லாம் சேர்ந்து நாற்பத்தெட்டு. மலையில கரண்டு போனா, இந்த இருபத்தி நாலும்தான் மொத்த மலைக்கும் போன் பேச வைக்கும். பார்த்ததும் உடம்பு சிலிர்த்துப் போச்சுங்க. கோயில்ல சாமியைப் பக்கத்துல பார்த்தாப்ல நின்னேன்.

"நிக்கறது சரி. வளையலைக் கழட்டுங்கம்மா" ன்னு பின்னால ஒரு குரல். அவர்தான் காதர் சார், எங்க அதிகாரி. அடிவாரத்து ஊர்க்காரர். ஒல்லியா, வெள்ளைச் சட்டையில ஒரு சுருக்கம் இல்லாம இருப்பார். அத்தனை வருஷத்துல அவர் குரலை உசத்தி நான் கேட்டதே இல்லை. குரலை உசத்தாம ஒரு மனுசன் இவ்வளவு பயமுறுத்த முடியுமான்னு நான் ஆச்சரியப்பட்டிருக்கேன்.

அவருக்கு ஒரு முறை உண்டு. பேட்டரி ரூமுக்குள்ள போறதுக்கு முன்னால வெளியில இருக்கற சுவிட்சைப் போட்டு, உள்ளே இருக்கற காத்தாடியை ஓட விடுவார். அப்புறம் கதவை மூணு தட்டுத் தட்டுவார். அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு அப்படியே நிப்பார். உள்ளே ஆளே இல்லை, யாருக்குச் சாமி இவர் கதவைத் தட்டறார்னு நான் ஒரு வாரம் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கடைசியில கேட்டுட்டேன்.

"உள்ளே ஒருத்தர் இருக்கார்மா. கண்ணுக்குத் தெரிய மாட்டார். சார்ஜ் ஏறும்போது ஜாடியில இருந்து வர்ற வாயு. அவர் வெளியில போக நேரம் குடுக்கணும். ஒரு தீப்பொறி போதும், நம்மளையும் கூட்டிக்கிட்டுப் போயிடுவார்" ன்னார். சிரிக்கவே இல்லை. அன்னியில இருந்து நானும் மூணு தட்டு.

ரெண்டாவது முறை இன்னும் மோசம். எந்த பேட்டரிக்குச் சார்ஜ் குடுக்கறதா இருந்தாலும், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, குத்த வெச்சு உக்காந்து, அது மேல ஒட்டியிருக்கற சீட்டை முதல் எழுத்துல இருந்து கடைசி எழுத்து வரைக்கும் வாய்விட்டுப் படிப்பார். என்ன வகை, எத்தனை வோல்ட், எவ்வளவுக்கு மேல ஏத்தக் கூடாது. அப்புறம் உள்ளங்கையை வெச்சு உடம்பு சுடுதான்னு பார்ப்பார். அப்புறந்தான் சார்ஜரைத் தொடுவார். முந்தின நாள் பார்த்த அதே பேட்டரியா இருந்தாலும் இதேதான். லைன்மேனுங்க எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால சிரிப்பாங்க. நானும் சிரிச்சிருக்கேன்.

"சார், நேத்துதானே படிச்சீங்க?" ன்னு ஒரு நாள் கேட்டேன்.

"நேத்துப் பார்த்தது நேத்தோட போச்சு, ராஜாமணிம்மா. பேட்டரியைப் பார்க்காம சார்ஜரைத் தொடாதீங்க. அவ்வளவுதான் இந்த வேலை" ன்னார்.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். வளையலைக் கழட்டியாச்சு, மோதிரம் கழட்டியாச்சு. ஆனா நான் கழுத்துல தாலியைத் தங்கச் செயின்ல கோத்துப் போட்டிருந்தேன். குனிஞ்சு ஜாடிக்குத் தண்ணி ஊத்தறப்போ அது வெளியில வந்து ஊஞ்சலாடும். ரெண்டு ஜாடியோட முனையில அது பட்டுச்சுன்னா கழுத்துலயே பழுக்கக் காய்ஞ்சுடும். சாருக்கு அது தெரியுது. ஆனா ஒரு பொம்பளைகிட்டப் போய்த் தாலியைக் கழட்டுன்னு எப்படிச் சொல்றது? நாலு நாள் ரூம் பக்கமே என்னை விடலை. பழைய ரிஜிஸ்டரைத் தூசி தட்டச் சொன்னார். எனக்கா, வேலையில ஏதோ தப்புப் பண்ணிட்டோம்னு சோறு இறங்கலை.

அஞ்சாம் நாள் பஸ்ல இருந்து ஒரு அம்மா இறங்குனாங்க. எழுபது வளைவுல தலை சுத்தி, கையில எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்து, என்னைத் தனியாக் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. காதர் சார் ஊட்டம்மா. "ஏனுங்கம்மா, அவருக்குச் சொல்ல வாய் வரலீங்க. நாலு நாளா ஊட்டுல என்னைத்தான் படுத்தறார். அதான் நானே வந்துட்டேன்" ன்னு சொல்லி விஷயத்தைச் சொன்னாங்க. நான் சிரிச்ச சிரிப்புல அவங்களுக்குத் தலைசுத்தலே போயிடுச்சு. அடுத்த நாளே செயினைப் பொட்டியில வெச்சுட்டு, மஞ்சக் கயித்துல தாலியைக் கோத்து ஜாக்கெட்டுக்குள்ள போட்டு, மேல ரப்பர் ஏப்ரன் கட்டிக்கிட்டுப் போனேன். என் ஊட்டுக்காரர் லாரி ஓட்டறவர். திரும்பி வந்து கழுத்தைப் பார்த்துட்டு, "செயினு எங்க புள்ள?" ன்னு பதறிப் போயிட்டார். பேட்டரிக்காகன்னு சொன்னா யார் நம்புவாங்க?

மூணு மாசம் கழிச்சு என் கை தவறி ஒரு ஸ்பேனர் ரெண்டு முனைக்கு நடுவுல விழுந்துச்சு. கண்ணைப் பறிக்கற மாதிரி நீலமா ஒரு வெளிச்சம். ஸ்பேனர் அங்கேயே ஒட்டிக்கிச்சு. நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன். மஞ்சக் கயிறு பத்திரமா இருந்துச்சு.

அந்த முப்பது வருஷத்துல எத்தனை தினுசு பேட்டரிங்க! ஆசிட் பேட்டரி இருக்கே, அது வாயாடி. சார்ஜ் நிறைஞ்சுட்டா உலைத் தண்ணி மாதிரி கொதிச்சு, குமிழி விட்டு, போதும் போதும்னு அதுவே சொல்லிடும். ஆசிட்டோட கனத்தை அளக்கற கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டா, எவ்வளவு ஏறியிருக்குன்னு புட்டுப் புட்டு வைக்கும். அதிகமா ஏத்திட்டா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், உடனே நிறுத்திடலாம். அப்புறம் மூடி போட்ட பேட்டரி வந்துச்சு. அதுவும் ஈயந்தான், ஆனா திறக்க வழியில்லை. அதுக்கு வேகமா ஏத்துனா உள்ளே தண்ணி வத்தி, வயிறு உப்பிப் போகும். லைன்மேனுங்க கைக்கருவியில இருந்தது நிக்கல் பேட்டரி. அதைப் பாதியில பாதியில சார்ஜ் போட்டா அதுக்கு அதுவே பழகிப் போயி, பாதிதான் வேலை செய்யும். முழுசா இறங்க விட்டு ஏத்தணும். ஒண்ணுக்கு நல்லது இன்னொண்ணுக்கு ஆகாது. இதுல எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, புதுசா ஒரு பேட்டரி வந்தா எனக்குப் புதுசா ஒரு மருமக வந்த மாதிரி. இவ குணம் என்ன, எதுக்குக் கோவிப்பான்னு ராத்திரி சோத்துல உக்காந்து ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லிக்கிட்டிருப்பேன். அவர் பாவம், ரசம் ஊத்தறதுக்குள்ள தூங்கிடுவார்.

ரிட்டையர் ஆனதும் கீழே போக மனசு வரலை. இங்கேயே ஊடு கட்டியாச்சு. ஒரு டிரான்ஸ்பார்மரை வெச்சு நானே ஒரு சார்ஜர் கட்டினேன். பன்னெண்டு வோல்ட் ஆசிட் பேட்டரிக்கானது. தகரப் பெட்டிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடிச்சேன். எக்ஸ்சேஞ்சுல எல்லாத்து மேலயும் பெயிண்ட்ல எழுதி வைக்கறது என் பழக்கம், அதனால அது மேலயும் வெள்ளையில ஒரு வரி எழுதினேன். மலையில தள்ளி இருக்கற திருப்புலி நாட்டுப் பக்கம் இருந்துகூட டிராக்டர் பேட்டரி, மருந்தடிக்கற மிஷின் பேட்டரின்னு தூக்கிக்கிட்டு வருவாங்க. "எக்ஸ்சேஞ்சு அக்கா கை வெச்சா செத்த பேட்டரியும் எந்திரிக்கும்" ன்னு சொல்லுவாங்க. அதைக் கேட்டு நான் உப்பிப் போயிருந்தேன். வயிறு உப்பறது பேட்டரிக்கு மட்டும் வர்ற வியாதி இல்லை.

இனிமேதான் கதை.

பெரியசாமியும் அவன் பொண்டாட்டி செல்லம்மாவும் எங்க ஊட்டுல இருந்து பத்து நிமிஷ நடையில இருக்காங்க. மிளகுத் தோட்டம். எங்க பக்கம் மிளகுக்கொடி உசந்த சவுக்கு மரத்துல ஏறியிருக்கும். ஒத்தை மூங்கில் ஏணியைச் சாத்தித்தான் மேல ஏறுவாங்க. போன வருஷம் நிழலைக் குறைக்கக் கிளை கழிக்கறப்போ ஏணி வழுக்கிப் பெரியசாமி கீழே விழுந்து, கால் ரெண்டு இடத்துல முறிஞ்சு போச்சு. இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. சமையலறையை ஒட்டின ரூம்ல கட்டில்ல கிடந்தான். திரும்பிப் படுக்கறதுக்கும் ஒரு ஆள் வேணும்.

அந்த நேரம் பார்த்து மழை பிடிச்சுக்கிச்சு. மழைக்காலத்துல மிளகுக் கொடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைச்சு அடிக்கலைன்னா வாடல் வந்து ஒரு வாரத்துல தோட்டமே போயிடும். செல்லம்மாதான் அடிக்கணும். ஆசிட் பேட்டரி போட்ட பழைய மிஷினைத் தூக்க அவளால முடியலை. அதனால கனம் இல்லாத புது மிஷின் ஒண்ணு வாங்கியிருக்காங்க. இது எனக்குத் தெரியாது. பழைய மிஷின்தான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில மழையில நனைஞ்சுக்கிட்டு செல்லம்மா வந்து நின்னா. "அக்கா, மிஷினோட சார்ஜர் புகைஞ்சு போச்சுங்க. மருந்து கரைச்சாகணும். உங்க செவப்புப் பெட்டியைக் குடுங்கக்கா, சாயங்காலம் தந்துடறேன்."

"எத்தனை வோல்ட்டு?"

"பன்னெண்டுன்னு போட்டிருக்குங்க. பேட்டரியைக் கொண்டாரட்டுங்களா? பார்க்கறீங்களா?"

அவ கேட்டா. நல்லாக் கேட்டுக்கோங்க, அவளாக் கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "எதுக்குக் கண்ணு இந்த மழையில தூக்கிக்கிட்டு? நான் பார்க்காத பேட்டரியா?" ன்னேன். சிரிச்சுக்கிட்டே பெட்டியைத் தூக்கிக் குடுத்தேன். அத்தனை வருஷம் காதர் சார் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்தவ நான்.

மத்தியானம் சாப்பிட்டு முடிச்சுட்டு, பெரியசாமிக்குக் கால்வலி எப்படி இருக்குன்னு கேக்கலாம்னு போன் போட்டேன். செல்லம்மா மயில்துத்தம் வாங்கச் சோளக்காட்டுக்குப் போயிருக்கறதாச் சொன்னான்.

"சார்ஜ் ஏறுதா சாமி?" ன்னு கேட்டேன்.

"ஏறுதுங்கக்கா. அடுப்புக்கு மேல பரண்ல வெச்சிருக்காளுங்க. ஈரத்துல சார்ஜ் நிக்காதுல்லீங்க, அதான் கதகதன்னு இருக்கட்டும்னு."

இது எங்க மலைப் பழக்கம். டார்ச்சுக் கட்டை செத்துப் போனா வெயில்ல வெப்பாங்க. மழைக்காலத்துல பரண்ல வெப்பாங்க. சூடு பட்டா கொஞ்ச நேரம் எரியும். நானே வெச்சிருக்கேன். இருந்தாலும் ஆசிட் பேட்டரியை எதுக்கு அவ்வளவு உசரத்துல தூக்கி வெச்சான்னு தோணுச்சு. "அந்தக் கனத்தைப் பரண் தாங்குமா?" ன்னேன்.

"கனமே இல்லீங்கக்கா. புது மிஷின்ல வந்தது. கோழிக்குஞ்சைத் தூக்கற மாதிரிதான் இருக்குது."

ஈயம் கோழிக்குஞ்சு மாதிரி இருக்காது. எடையில்லாத பேட்டரின்னா அது லித்தியம். மூணு கட்டை சேர்த்த லித்தியம் பன்னெண்டரை வோல்ட்டோட நிக்கணும். என் சிவப்புப் பெட்டி பதினாலரைக்கு மேல தள்ளும். காவலுக்குன்னு லித்தியம் பேட்டரிக்குள்ள ஒரு சின்ன சர்க்யூட் அட்டை இருக்கும், அது தடுத்து நிறுத்தணும். ஆனா மிஷினோட சார்ஜரே புகைஞ்ச இடத்துல அந்த அட்டை உசுரோட இருக்கும்னு யார் கண்டா? ஆசிட் பேட்டரி மாதிரி லித்தியம் கொதிச்சுக் கத்தாது. கடைசி வரைக்கும் கம்முனு இருந்துட்டு, ஒரேயடியா வெடிக்கும். அதுக்குக் கீழே அடுப்பு. பரண்ல சுத்திலும் காய்ஞ்ச மக்காச்சோளமும் கேழ்வரகு விதையும். சுவருக்கு அந்தப் பக்கம் அசைய முடியாத மனுசன். சார்ஜர் என்னுது.

"பெரியசாமி, ஏதாவது வாசனை வருதா?"

"ஆமாங்க, என்னமோ நகப்பாலிஷ் கொட்டுனாப்ல இனிப்பா ஒரு வாசனை வருது. பக்கத்தூட்டுப் புள்ளைங்கன்னு நினைச்சேன்."

போனை எங்க போட்டேன்னு தெரியலை. ஓடுனேன். மூடுபனியில முன்னால போற ஆள் தெரியாது. எத்தனை தடவை வழுக்குனேன்னு கணக்கில்லை. வாய் மட்டும் காதர் சார் பேரைச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு.

வாசல் சுவர்லதான் மீட்டர் பொட்டி. முதல்ல ப்யூஸ் கட்டையைப் பிடுங்கினேன். அது சார் சொல்லிக் குடுத்தது, முதல்ல கரண்டு, அடுத்தது ஆளு, கடைசியிலதான் பொருள். ரூமுக்குள்ள போறப்போ சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். பரண்ல அந்த பேட்டரி பூரி மாதிரி உப்பிப் போய் உஸ்ஸுன்னு மூச்சு விட்டுக்கிட்டிருந்துச்சு.

"ஏனுங்கக்கா, என்னாச்சு?"

"பேசாத. கம்பளியை இறுக்கிப் புடி."

கட்டில்ல இருந்து கம்பளியோட அவனைக் கீழே இறக்குனேன். இறக்குனேன்னு சொல்றது மரியாதைக்கு. தொப்புனு விழுந்தான். மாவுக்கட்டு தரையில இடிச்சப்போ அவன் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. அப்படியே தரதரன்னு இழுத்துக்கிட்டு, வாசப்படி தாண்டி, வாழை மரத்தடி வரைக்கும் மழையில கொண்டு போய்ப் போட்டேன். என் வயசுக்கும் உடம்புக்கும் அது எப்படி முடிஞ்சுதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

அத்தோட நின்னிருக்கணும். சார் இருந்திருந்தா நிறுத்தியிருப்பார். ஆனா அந்தப் பரண்லதான் அவங்க அடுத்த விதைப்புக்கு வெச்சிருந்த விதை பூரா இருக்கு. ஊட்டுக்குள்ள போகலை, சமையலறைப் பின்வாசலுக்கு வெளியில நின்னேன். நீளமான கொக்கி மூங்கில் ஒண்ணு சுவர்ல சாத்தியிருந்துச்சு. அதை உள்ளே நீட்டி, சார்ஜர் ஒயரை மாட்டி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இழுத்தேன். பேட்டரி பரண்ல இருந்து வந்து நடு மண்தரையில விழுந்துச்சு. விழுந்த நொடியில படார்னு வெடிச்சு, பீச்சாங்குழல் மாதிரி வெள்ளையா நெருப்பு அடிச்சுது. ஒரு மக்காச்சோளக் கட்டு பத்திக்கிச்சு. கூரைத் தண்ணி விழற டிரம் பக்கத்துலயே இருந்துச்சு. புகை மூஞ்சில படாம காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு, குடம் குடமா மொண்டு வீசுனேன். அடங்கும், மறுபடி பத்தும். மறுபடி வீசுனேன். அது குளிர்ற வரைக்கும் விடலை.

செல்லம்மா வந்தப்போ ஊர்ல பாதிப் பேர் கூடியிருந்தாங்க. அவ என் காலைக் கட்டிக்கிட்டு, "சாமி, நீங்க வரலைன்னா என் தாலி போயிருக்கும்" ன்னு அழுதா. எல்லாரும் கையெடுத்துக் கும்பிடறாங்க. அந்தக் கூட்டத்துல நான் என்ன பண்ணேன் தெரியுங்களா? ஒயரை அறுத்து விட்டுட்டு, சிவப்புப் பெட்டியை முந்தானைக்குள்ள வெச்சு மறைச்சு எடுத்துக்கிட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். சாக்குல போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில தள்ளுனேன்.

மூணு நாள்ல கதை காரவள்ளி வரைக்கும் போயிடுச்சு. புது மிஷின்காரன் பேட்டரி மோசம்னு பேசிக்கிட்டாங்க. நான் வாயைத் திறக்கலை. பஸ்ல எந்திரிச்சு எனக்கு இடம் விட்டாங்க. அந்த இடத்துல உக்காந்தா எனக்கு முள்ளு மேல உக்காந்த மாதிரி இருக்கும்.

இதெல்லாத்தையும் அன்னிக்கு எக்ஸ்சேஞ்சு வாசல்ல சொல்லி முடிச்சேன். முகத்தைத் தூக்கிப் பார்க்க முடியலை. "பெரியசாமியை நான் காப்பாத்தலை. அவனைக் கொல்லப் பார்த்ததே நான்தான். பேட்டரியைப் பார்க்காம சார்ஜரைக் குடுத்தேன். மிஷின்காரன் மேல எந்தத் தப்பும் இல்லை" ன்னு சொன்னேன். நிவேதா பேனாவை மூடிடுச்சு. புதுசா வந்த புள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

பெரியசாமி இறக்கிக்கிட்டிருந்த பெட்டியைத் தரையில வெச்சான். கால் இப்ப நல்லாயிடுச்சு, கொஞ்சம் இழுத்து நடக்கறான்.

"எனக்குத் தெரியுமுங்கக்கா" ன்னான்.

"என்ன தெரியும்?"

"செல்லம்மா அன்னிக்குச் செவப்புப் பெட்டியைக் கொண்டாந்து முதல்ல என் கட்டில் மேலதான் வெச்சா. ஒயர் தேடிக்கிட்டிருந்தா. நான் சும்மாதானே படுத்திருந்தேன், மேல எழுதியிருந்ததைப் படிச்சனுங்க. 'ஆசிட் பேட்டரிக்கு மட்டும்'. உங்க கையெழுத்து. நம்முளுது லித்தியம்னு கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்துச்சு. இது சேராதேன்னு சொல்ல வாயெடுத்தேன்." துண்டால மூஞ்சைத் துடைச்சுக்கிட்டான். "அப்புறம், அக்கா குடுத்துவிட்டது, அக்காவுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுதுன்னு உட்டுட்டனுங்க."

"இத்தனை நாள் ஏன் சாமி சொல்லலை?"

"நீங்க பெட்டியை முந்தானையில மறைச்சதையும் பார்த்தேன். மழையில வாழைக்கடியில படுத்துக்கிட்டு வேற என்ன வேலை எனக்கு? உங்க மனசு நோகும்னுதான் சொல்லலீங்க."

எழுதுனவ நான். அதைப் பார்க்காம குடுத்தேன். படிச்சவன் அவன். எழுத்தை நம்பாம என்னை நம்புனான். ஒரு உசுரு போயிருந்தா அதுக்குக் காரணம் லித்தியமும் இல்லை, பரணும் இல்லை. என் மேல இருந்த நம்பிக்கை. எனக்கு அழுகை வந்துடுச்சு, அழுதேன்.

நிவேதாதான் பேச்சை மாத்துச்சு. அதுக்குள்ள புது பேட்டரியை அடுக்கியாச்சு, வந்து பாருங்கன்னுச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு அதைப் பார்த்தப்போ எனக்கு மறுபடி குஷி தலைக்கேறிடுச்சுங்க. இதுவும் லித்தியம்தான், ஆனா இது இரும்புச் சேர்மானம், மருந்தடிக்கற மிஷின்ல இருக்கறது மாதிரி சீக்கிரம் கோவிக்காதாம். இதோட முழு வோல்ட்டும் வேற, சார்ஜரும் வேற. லித்தியத்துக்குள்ளயே இத்தனை சாதி இருக்கான்னு சின்னப் புள்ளை மாதிரி கேள்வியாக் கேட்டேன். "ராஜாமணிம்மா, முதல் சுவிட்சை நீங்கதான் போடணும்" ன்னு நிவேதா என் கையைப் பிடிச்சு இழுத்துச்சு.

காத்தாடியைப் போடச் சொன்னேன். இதுக்கு அது தேவையில்லைன்னு தெரியும், இருந்தாலும் கதவை மூணு தட்டுத் தட்டினேன். அப்புறம் சுவிட்சுகிட்டப் போய் நின்னு, "நான் போட மாட்டேன். முதல்ல அந்தச் சீட்டைப் படிக்கணும். பெரியசாமி, நீ வா. சத்தமாப் படி" ன்னேன்.

அவன் வெக்கப்பட்டான். கையைத் துடைச்சுக்கிட்டு, முறிஞ்ச காலை நீட்டி மெதுவாக் குத்த வெச்சு உக்காந்து, நிவேதா தமிழ்ல எழுதி ஒட்டியிருந்த சீட்டை விரல் வெச்சுப் படிச்சான். என்ன வகை, எத்தனை வோல்ட், எவ்வளவுக்கு மேல ஏத்தக் கூடாது. ஒரு எழுத்து விடலை. படிச்சு முடிச்சுட்டு எந்திரிக்கலை. எதிர்ல இருந்த சார்ஜரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, இதுக்கு இந்தச் சார்ஜர் சேருமுங்களா?"

முப்பது வருஷத்துல இந்த மலையில யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லைங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, அவன் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, சார்ஜர் மேல இருந்ததை முதல் எழுத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சேன்.